ஐஸ்கிரீம் குச்சிகள்

மைலோ டின்னில் பதினொரு குச்சிகள்.
செத்த ஆர்க்கிட்களின் பெயர்ப்பலகைகள்.
சிலவற்றில் மார்க்கர், சிலவற்றில் பென்சில்.
மழைக்கு நிற்பது பென்சில்தான்
என்பதே மூன்றாவது செடிக்கு அப்புறம் தெரிந்தது.

முதல் குச்சி, ஃபெலனாப்சிஸ், வெள்ளை.
சீனப் புத்தாண்டு முடிந்த வாரம்
எதிர்வீட்டு மேடம் சியூ
லிஃப்ட் வாசலில் வைத்துவிட்டுப் போனது.
பூ உதிர்ந்தால் செடி முடிந்ததென்று அவர் நினைத்தார்.
பூ உதிர்ந்தது பசியால் என்று நான் நினைத்தேன்.
தினம் ஒரு சொம்பு தண்ணீர்,
அரிசி களைந்த கழுநீர் வேறு.
பத்தாம் நாள் நடு இலை
இழுக்காமலே கையோடு வந்தது.
பாசியைப் பிரித்தால்
உள்ளே ஊறிப்போன நூடுல்ஸ் மாதிரி வேர்கள்.

தண்ணீர்தான் எமன் என்று பாடம் படித்து
அடுத்த செடியைக் காயப்போட்டேன்.
ஈசூன், பதினோராம் மாடி, மேற்கு பார்த்த தாழ்வாரம்.
நாலு மணி வெயிலில்
கிரில் கம்பியைத் தொட முடியாது.
வாண்டாவின் இலைகள்
இஸ்திரிப்பெட்டி பட்டது போல் ஓரங்களில் கருகின.
ஒரு தவற்றைத் திருப்பிப் போட்டால்
இன்னொரு தவறு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நான்காவதுக்கு அடியில் தட்டு வைத்தேன்.
கொசு சோதனைக்கு வந்த பையன்
டார்ச் அடித்துப் பார்த்துத் தட்டைக் கவிழ்த்தான்.
முழங்கை பட்டுத் தொட்டியும் கவிழ்ந்தது.
"ஸாரி ஆன்ட்டி."
தண்டு அடியோடு முறிந்திருந்தது.
அபராதம் போடாமல் போனானே, அதுவரை நல்லவன்.

ஆறாவதில் கணுவோரம் வெள்ளையாய் ஒரு புள்ளி.
மொட்டு என்று நம்பி
மூன்று நாள் கும்பிடாத குறை.
நான்காம் நாள் அந்த மொட்டு நடந்தது.
பஞ்சுப்பூச்சி.
பக்கத்தில் இருந்த ஏழாவதுக்கும் அதுதான்.

எட்டாவது குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஒன்சிடியம், மஞ்சள்.
அந்த வருடம் நானும் தனபாலனும் பேசிக்கொள்ளவில்லை.
ஏன் என்பதற்குக் குச்சியில் இடம் கிடையாது.
முதல் பேருந்தை எடுக்க டிப்போவுக்குக் கிளம்பும் முன்
நாலு மணிக்கு நான் தண்ணீர் விடுவேன்.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து
எட்டு மணிக்கு அவரும் விட்டிருக்கிறார்.
ஒரே வீட்டில் இரண்டு ரகசிய அக்கறை.
செடி செத்த ஞாயிற்றுக்கிழமை
தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று
"நான்தான் தினமும் ஊத்தினேனே" என்றோம்,
இருவரும் ஒரே நேரத்தில்.
எட்டு மாதத்தில் முதல் வாக்கியம்.
குச்சியில் எழுதினேன்:
காரணம், இரண்டு பேர்.

இப்போது கதவோரம் தினசரிக் காலண்டர் தொங்குகிறது.
ஊற்றியவர் ஒரு கோடு போட வேண்டும்.
சண்டை நாட்களிலும் போடுகிறோம்.
அவர் கோடு சாய்ந்திருக்கும்.

ஒன்பதும் பத்தும் புகைமூட்ட மாதத்தில் போயின.
ஜன்னலைச் சாத்தி வைத்துக் காப்பாற்றினேன்,
காற்றில்லாமல்.

பதினொன்று நன்றாகத்தான் இருந்தது.
கரி, துளைபோட்ட மண்தொட்டி, காலை வெயில் மட்டும்,
விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர்.
ஒருநாள் மஞ்சளாகி நின்றுவிட்டது.
குச்சியில் "தெரியவில்லை" என்று எழுதினேன்.
அந்த ஒரு சொல்லை எழுத
பத்துச் செடிகள் ஆகியிருக்கின்றன.

பன்னிரண்டாவது ஒரு டென்ட்ரோபியம்.
இரண்டு வருடமாய்ப் பூக்கவில்லை.
மூன்று முறை இடம் மாற்றினேன்,
நான்காவது இடத்தை அதுவே தேர்ந்தது போல்
வேரொன்றை வெளியே நீட்டிக் கம்பியைப் பிடித்திருக்கிறது.
நேற்றைய மழைக்குப் பின்
இலையுதிர்ந்த பழைய தண்டில் பச்சையாய் ஒரு முளை.
முதலில் நகத்தால் சுரண்டினேன். நடக்கவில்லை.
பூவா, குட்டிச்செடியா,
இன்னும் சொல்ல முடியாது.

மாலை தனபாலன் கீழ்க்கடையிலிருந்து
இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.
தாழ்வாரத்தில் நின்றபடி தின்றோம்.
குச்சிகளைக் கழுவிக் காயவைத்தேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.